மதிலுக்குள்ளே கேட்பார் யார்?

எரிகோ நகரை விட்டு ஆண்டவர் புறப்பட்ட வேளையில், வழியோரம் அமர்ந்திருந்த பர்த்திமேயு என்னும் பார்வையற்றவர் அவரை நோக்கிக் கூவினார். உடன் சென்ற கூட்டம் என்ன செய்தது? பேசாதிரு என்று அதட்டியது. ஆண்டவரோ நின்றார், அவரை அழைத்துவரச் செய்தார், அவருக்குத் தாம் என்ன செய்யவேண்டும் என்று அவரிடமே கேட்டார். பார்வையற்ற ஒருவருக்கு என்ன தேவை என்பது அங்கு நின்ற சிறு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் ஆண்டவர் கேட்டார். மாற்கு நற்செய்தியின் இப்பகுதியைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். விளக்கிய அந்நாள்களிலேயே, கேட்கவேண்டிய ஒருவரிடம் கேட்கத் தவறினோம். இக்கட்டுரை அந்தத் தவற்றிலிருந்து பிறந்தது. ஆகவே இதில் வரும் கடுஞ்சொற்கள் முதலில் நம்மையே சுடுவன என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

நாம் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில் வயது முதிர்ந்த அன்னை ஒருவர் இருந்தார். அவருடைய ஒரே மகனுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர். சொற்கள் சிலவே பேசுவார். ஆனால் காலைத் திருப்பலிக்கு மணி அடிக்கும் நேரம் அவருக்குத் தவறாது. கோவிற்பிள்ளை வருமுன்னே மணிக்கயிற்றின் அருகே வந்து நிற்பார். ஒருநாள் திருப்பலிக்குப்பின் அந்த அன்னை நம்மிடம் வந்து, "சாமி, எனக்குப் பின்னால இவனுக்கு யாரு?" என்று கேட்டார். இக்கேள்வியைக் கேட்காத பங்குத்தந்தை தமிழகத்தில் இருக்கமாட்டார். நாமும் எல்லாரும் செய்வதையே செய்தோம். தொலைவிலுள்ள ஊரில் இத்தகையோருக்கென நடத்தப்பட்ட இல்லம் ஒன்றுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். இடம் கிடைத்தது. அன்னை நம் கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நாமும் ஒரு நற்செயல் புரிந்த நிறைவோடு அன்றிரவு உறங்கினோம். இல்லத்திற்குப் போக விருப்பமா என்று அந்த மகனிடம் ஒரு சொல் கேட்கவேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை.

ஈராண்டுக்குப்பின் அன்னை இறந்தார். அடக்கச் சடங்கை நிறைவேற்றியவர் நாமே. மகன் அங்கு இல்லை. "அவனுக்கு என்ன தெரியப்போகிறது? வண்டி வைத்துக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது வீண் அலைச்சல்" என்று உறவினர் கூறினர், இல்லத்தாரும் அதற்கு இசைந்தனர். நாம் மறுக்கவில்லை. மூன்று திங்கள் கழித்து வேறொரு வேலையாக அவ்வூருக்குச் சென்றபோது இல்லத்தினுள் நுழைந்தோம். வளாகம் தூய்மையாக இருந்தது. சுவர்களில் புனிதர் படங்கள். வாயிலில் மாதா கெபி. ஐம்பதுக்கு மேற்பட்ட ஆண்கள் ஒரே நிற உடையில், ஒரேமாதிரி மழித்த தலையோடு, நீண்ட கூடத்தில் அமர்ந்திருந்தனர். அவர்களுள் நம் பங்கு மகனை நம்மால் உடனே அடையாளம் காண முடியவில்லை. பணியாளர் ஒருவர் சொன்னார்: "அவனா சாமி? ஞாயிற்றுக்கிழமை ஆனா கேட்டைப் பிடிச்சுக்கிட்டே நிப்பான். அவங்க அம்மா வர்ற நாளு." மூன்று திங்களாக ஒவ்வொரு ஞாயிறும் அவர் அந்த வாயிலில் நின்றிருக்கிறார். தாய் இறந்ததை அவருக்குச் சொல்லவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அந்த இல்லத்தில் அடி இல்லை, பட்டினி இல்லை. நாளேடுகளில் செய்தியாகும் கொடுமை எதுவும் நடைபெறவில்லை. ஆயினும் அங்கு ஒரு மனிதர் மனிதராகக் கருதப்படவில்லை. "நல்ல இல்லம்" என்று நாம் யாவரும் வாயாரப் புகழ்வது இதைத்தானே? கட்டடம் உண்டா, உணவு உண்டா, தூய்மை உண்டா, செபம் உண்டா என்று நான்கு கேள்வி கேட்டுவிட்டு, காணிக்கை உறையை நீட்டிவிட்டு, நிழற்படத்திற்கு நின்றுவிட்டுத் திரும்புகிறோம். இந்த நான்கும் போதாது என்பதே நம் வாதம்.

பணம் காக்கவில்லை

"சாமி, வசதி இல்லை. வெளிநாடுகளைப்போல் பணமிருந்தால் நாமும் சிறப்பாகச் செய்வோம்" என்பது நாம் முதலில் கேட்கும் மறுமொழி. வெளிநாடு ஒன்றையே பார்ப்போம்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரை அடுத்த ஹாம்புரூக் என்னுமிடத்தில் விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உடைய வயதுவந்தோருக்கென்றே புதிதாகக் கட்டப்பட்டு 2006-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இருந்தவை 24 படுக்கைகளே. ஒருவருக்கு வாரம் ஒன்றுக்குச் சராசரியாக 3,500 பவுண்டு அரசுப் பணம் செலுத்தப்பட்டது. நம் நாட்டு இல்லம் எதுவும் கனவிலும் காணாத தொகை அது. செவிலியர் இருந்தனர், மருத்துவர் இருந்தார், அரசின் கண்காணிப்பு ஆணையமும் இருந்தது. 2011-ஆம் ஆண்டு மே 31 அன்று பி.பி.சி. தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சி, பணியாளராக உள்ளே சேர்ந்த செய்தியாளர் ஒருவர் மறைவாக எடுத்த படங்களை ஒளிபரப்பியது. நோயாளிகளை அறைந்தனர், தலைமயிரைப் பற்றி இழுத்தனர், நாற்காலிக்கடியில் கிடத்தி அழுத்தினர், ஆடையோடு குளிர்ந்த நீரில் நனைத்தனர், அழுதவர்களை எள்ளி நகைத்தனர். பாதுகாக்க ஊதியம் பெற்றவர்களே அவற்றைச் செய்தனர். வேலியே பயிரை மேய்ந்தது.

அதனினும் கொடிது ஒன்றுண்டு. அங்குப் பணியாற்றிய மூத்த செவிலியர் ஒருவர் ஒளிபரப்புக்குப் பல திங்கள் முன்பே நிர்வாகத்திற்கு எழுத்தில் முறையிட்டிருந்தார்; கண்காணிப்பு ஆணையத்திற்கும் தெரிவித்திருந்தார். எவரும் அசையவில்லை. 2010-ஆம் ஆண்டில் மட்டும் நோயாளிகளை வலுக்கட்டாயமாகப் பிடித்து அடக்கியதாக அந்த மருத்துவமனையின் பதிவேட்டிலேயே 379 நிகழ்வுகள் எழுதப்பட்டிருந்தன என்பதைப் பின்னர் நடந்த விசாரணை வெளிப்படுத்தியது. அதாவது, நாளொன்றுக்கு ஒன்றுக்கும் மேல். கொடுமை ஒளித்து வைக்கப்படவில்லை, ஏட்டில் எழுதிவைக்கப்பட்டிருந்தது. படித்தவர் இல்லை. பணியாளர் பதினொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்களுள் அறுவர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். மருத்துவமனை மூடப்பட்டது.

அத்தோடு தீர்ந்ததா? மருத்துவமனைகளில் தேவையின்றி வைக்கப்பட்டிருப்போர் அனைவரையும் 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற்குள் ஊருக்குள் குடியமர்த்துவோம் என்று அந்நாட்டு அரசு வாக்களித்தது. நாள் கடந்தது, வாக்கு நிறைவேறவில்லை. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே தொலைக்காட்சி நிகழ்ச்சி, டர்ஹாம் மாவட்டத்தில் வோர்ல்ட்டன் ஹால் என்னும் மற்றொரு மருத்துவமனையில் நடந்த கொடுமையை அதே முறையில் வெளிப்படுத்த வேண்டியதாயிற்று. 2024-ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தின் மனநல மருத்துவமனைகளில் இத்தகையோர் ஏறத்தாழ 2,000 பேர் இருந்தனர்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பணம் வேண்டாம் என்பதன்று. குறைந்த ஊதியத்திற்கு, பயிற்சியின்றி, ஓய்வின்றி உழைக்கும் பணியாளரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அநீதி. அதற்குப் பணம் வேண்டும். ஆனால் வீட்டிலிருந்து தொலைவில், பூட்டிய கதவுக்குள், குரலற்ற மனிதர்களை வைத்துவிட்டு, அவர்கள்மீது சிலருக்கு முழு அதிகாரம் கொடுத்தால், வாரம் 3,500 பவுண்டும் அவர்களைக் காக்காது.

பக்தி காக்கவில்லை

"அவர்கள் காசுக்குச் செய்கிறார்கள், நாம் கடவுளுக்குச் செய்கிறோம்" என்பார் உண்டு. அவர்களுக்கு நம் மண்ணின் ஏர்வாடியை நினைவூட்டுகிறோம். இராமநாதபுரம் மாவட்டத்தின் அவ்வூரில், தர்காவை நாடி மனநோயாளிகளைக் குடும்பத்தார் அழைத்துவருவது நெடுநாள் வழக்கம். அவர்களைத் தங்கவைக்கத் தனியார் காப்பகங்கள் தோன்றின. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 அன்று விடியுமுன் அவற்றுள் ஒன்று தீப்பற்றியது. கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்தோட இயலாமல் எரிந்தனர். மாண்டோர் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு என்பதை நாம் அறிவோம். இரண்டையும் குழப்புவது தவறு. இது ஒரு சமயத்தாரின் குற்றமும் அன்று. அங்குத் தம் மக்களைக் கொண்டுவந்து விட்டவர்களுள் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். நம்பிக்கையின் பெயரைச் சொல்லி எழுப்பப்படும் எந்த மதிலுக்குள்ளும், நம் கெபி நிற்கும் மதிலுக்குள்ளும், அது நேரக்கூடும் என்பதற்காகவே கூறுகிறோம். புனித இடத்தில் விட்டுவிட்டோம், இனி ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று குடும்பம் நினைத்தது. ஆண்டவன் தன் கண்களாக நியமித்தது நம்மையே என்பதை யாரும் நினைக்கவில்லை.

நற்செய்தியில் கெரசேனர் பகுதியில் ஒருவர் கல்லறைகளிடையே வாழ்ந்தார். ஊரார் அவரைச் சங்கிலியாலும் விலங்காலும் பிணைத்து வைத்தனர் என்று மாற்கு எழுதுகிறார். ஆண்டவர் அவரை விடுவித்தபின் செய்த ஒன்றை நாம் கவனிப்பதில்லை. தம்மோடு வர அவர் கெஞ்சியும், ஆண்டவர் அவரை அவருடைய வீட்டுக்கும் உறவினரிடத்துக்குமே அனுப்பிவைத்தார். குணமடைந்தவரை ஊர் ஏற்றுக்கொண்டாலன்றி அக்குணம் முழுமையாகாது என்பதே நாம் அதில் கற்கும் பாடம். நாமோ எதிர்த்திசையில் நடக்கிறோம். வீட்டிலிருப்பவரை ஊருக்கு வெளியே அனுப்பப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறோம்.

புனிதர் என்ற பெயரும் காக்கவில்லை

மூன்றாவது எடுத்துக்காட்டு நமக்கு மிக அண்மையது. ஆகவே மிக வலிப்பது. 1964-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் துரோலி-புரோய் என்னும் சிற்றூரில் ழான் வானியே என்ற கத்தோலிக்கப் பொதுநிலையர், காப்பகம் ஒன்றில் அடைபட்டிருந்த ஆடவர் இருவரைத் தம் வீட்டிற்கு அழைத்துவந்து உடன் வாழத் தொடங்கினார். அதுவே 'லார்ஷ்' இயக்கமாயிற்று. சிறு வீடு, ஒரே மேசை, குறைபாடு உடையவரும் இல்லாதவரும் ஒன்றாக வாழ்தல் என்பது அதன் வழி. 1970-ஆம் ஆண்டில் பெங்களூரில் 'ஆஷா நிகேதன்' என்ற பெயரில் நம் நாட்டுக்கும் வந்தது. சென்னையிலும் அதன் குடும்பம் உண்டு. வானியே 2019-ஆம் ஆண்டு மே மாதம் இறந்தபோது உலகமே அவரைப் புனிதர் என்றது. நாமும் மறையுரையில் அவரைப் போற்றினோம்.

மறு ஆண்டு பிப்ரவரியில், லார்ஷ் இயக்கமே ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவு வெளிவந்தது. ஆன்மீக வழிகாட்டுதலின் பெயரால் அவர் குறைந்தது ஆறு பெண்களைத் தம் பாலியல் இச்சைக்கு ஆட்படுத்தியிருந்தார். 2023-ஆம் ஆண்டின் விரிவான ஆய்வு அந்த எண்ணிக்கையை 25-ஆக உயர்த்தியது. அப்பெண்கள் அறிவுசார் குறைபாடு உடையோர் அல்லர் என்று விசாரணை கூறியது. ஆயினும் பாடம் மாறவில்லை. ஒருவரைப் புனிதர் என்று முடிவுசெய்துவிட்டால், அவரைக் கேள்வி கேட்பது பாவம் என்றாகிவிடுகிறது. கேள்வி கேட்க முடியாத இடத்தில் தீமைக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

இங்கே ஒன்றையும் நேர்மையோடு சொல்லவேண்டும். தன் நிறுவனரின் குற்றத்தை லார்ஷ் இயக்கம் மறைக்கவில்லை. தானே தேடியது, தானே உலகறியச் சொன்னது. நிறுவனர் வீழ்ந்தார்; அவர் காட்டிய சிறு வீட்டு வழி வீழவில்லை. ஒரு நிறுவனத்தின் மானம் எதில் இருக்கிறது என்பதை அச்செயல் நமக்குக் கற்பிக்கிறது. நம் மறைமாவட்டங்களின் இல்லங்களில் ஒரு முறையீடு எழுந்தால் முதலில் காக்கப்படுவது எது? குரலற்றவரா, நிறுவனத்தின் நற்பெயரா? விடையை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்று மறுப்புகள்

நம் வாதத்திற்கு எழும் மறுப்புகளை நாம் அறியாதவர் அல்லோம்.

முதலாவது: "இப்படிக் குறை கூறினால் இருக்கும் இல்லங்களும் மூடப்படும், இந்த மக்கள் தெருவுக்கு வருவார்கள்." இது அச்சத்திலிருந்து பிறந்த வாதம், ஆனால் உள்ளத்தில் ஓர் அவமதிப்பைச் சுமந்துள்ளது. தெருவைவிட மேலானது எதுவும் இவர்களுக்குப் போதும் என்பதே அதன் பொருள். நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி இப்படிப் பேசுவோமா? தெருவில் திரிவதைவிட மேல் என்பதற்காக எந்தப் பள்ளியையும் ஏற்போமா?

இரண்டாவது: "அருள்சகோதரிகள் தங்கள் வாழ்வையே ஈந்து உழைக்கிறார்கள், அவர்களைச் சந்தேகிப்பதா?" அவர்களுள் பலருடைய தியாகத்தின்முன் நாம் தலைவணங்குகிறோம். இரவில் பலர் படுக்கையை நனைக்க, அத்தனை துணிகளையும் துவைத்துக் காலைத் திருப்பலிக்கு வந்து நிற்கும் சகோதரியை நாம் கண்டிருக்கிறோம். அவருக்கு நாம் செய்யும் மிகப்பெரிய அநீதி, அவரைத் தியாகி என்று புகழ்ந்துவிட்டு உதவிக்கு ஆள் தராமல் இருப்பதே. அறுபது பேருக்கு இருவர் என்று விட்டுவிட்டால், புனிதையும் ஒருநாள் பொறுமை இழப்பார். கேள்வி கேட்பது சந்தேகமன்று. சுமையைப் பகிர்ந்துகொள்வதன் தொடக்கம் அது.

மூன்றாவதே எல்லாவற்றிலும் ஆழமானது: "அவர்களுக்கு என்ன தெரியும்? குழந்தைகள்போல." இதை அன்பினால் சொல்வோர் பலர். வானதூதர்கள் என்பாரும் உண்டு. ஐம்பது வயதுக்காரரைக் குழந்தை என்பது அன்பாகாது. அவருடைய ஐம்பது ஆண்டுகளையும் பறிப்பதாகும். நம் தமிழில் ஒரு நுட்பம் உண்டு. 'அவன்' என்பதற்கும் 'அவர்' என்பதற்கும் இடையே ஒரு சமுதாயமே நிற்கிறது. அந்த அன்னை "இவனுக்கு யாரு" என்று கேட்டபோது அந்த 'இவன்' தாய்ப்பாலின் உரிமையால் வந்தது. இருபத்தைந்து வயதுப் பணியாளர் நாற்பத்தைந்து வயதுக்காரரை 'அவன்' என்பதும், 'டேய்' என்பதும் எந்த உரிமையால்? ஊரில் வேறெந்த நாற்பத்தைந்து வயது ஆடவரிடம் அப்படிப் பேசிவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப முடியும்? கொடுமை கையோங்குவதில் தொடங்குவதில்லை. அந்த ஓர் எழுத்தில் தொடங்குகிறது.

இதற்கு வேரான பிழை ஒன்று நம் இறையியலிலும் இருந்தது. மனிதர் இறைச்சாயல் என்று குருமடத்தில் கற்றோம். அச்சாயல் பகுத்தறிவில் விளங்குகிறது என்றும் கற்றோம். பகுத்தறிவு குறைந்தால் சாயலும் குறையுமா என்று வகுப்பில் எவரும் கேட்டதாக நினைவில்லை. குறையாது என்பதே திருச்சபையின் தெளிவான போதனை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2004-ஆம் ஆண்டு சனவரியில் இவர்களது மாண்பையும் உரிமையையும் பற்றி நடந்த கருத்தரங்குக்கு அனுப்பிய செய்தியில் இதை ஐயத்திற்கு இடமின்றி உரைத்தார். இவர்களுக்கும் இயன்ற அளவு மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 777-ஆம் பிரிவில் விதிக்கிறது. ஆனால் நம் பங்குகளில் புதுநன்மை வாங்காமலே நாற்பது வயதை எட்டியவர் எத்தனை பேர்? நற்கருணைப் பந்தியில் இடம் மறுத்தவர்கள் நாம். பிறர் அவர்களுக்கு மேசையில் இடம் தரவில்லை என்று எப்படிக் குற்றஞ்சாட்டுவோம்?

சட்டம் சொல்வது என்ன?

இரக்கம் பேசி வந்த நாம் உரிமை பேசத் தயங்குகிறோம். நாட்டின் சட்டமோ நம்மை முந்திவிட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோருக்கென 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரியைக் கொண்ட உள்ளூர்க் குழு ஒன்று அச்சட்டப்படி இயங்குகிறது. "எனக்குப் பின் யார்" என்று கேட்கும் பெற்றோர் அக்குழுவின் வழியாகச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கச் செய்யலாம். அப்பாதுகாவலர் துன்புறுத்தினாலோ புறக்கணித்தாலோ அவரை நீக்கக் கோரவும் வழியுண்டு. இதை நம் மக்களுக்கு எந்தக் கோவில் அறிவிப்பில் சொல்லியிருக்கிறோம்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென நிறுவனம் நடத்துவோர் பதிவுச் சான்று பெறவேண்டும். பொறுப்பிலுள்ளவர் உணவையோ நீரையோ அறிந்தே மறுப்பது, தாக்குவது, பலர் அறிய இழிவுபடுத்துவது ஆகியவற்றுக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. குறிப்பிட்ட ஓரிடத்தில்தான் வாழவேண்டும் என்ற கட்டாயத்திற்கு எவரும் ஆளாகாமல், மற்றவரைப்போல் ஊரோடு சேர்ந்து வாழ அரசு முயலவேண்டும் என்பதையும் அச்சட்டம் கூறுகிறது. 2007-ஆம் ஆண்டு நம் நாடு ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவும் இதையே வற்புறுத்துகிறது. ஆகவே ஊருக்கு வெளியே பெரிய வளாகம் எழுப்புவதைப் பெருமையாகக் கொண்டாடும் நம் பழக்கம், நற்செய்திக்கு மட்டுமன்று, நாட்டின் சட்டத்திற்கும் பின்தங்கியது.

இனி என்ன கேட்பது?

ஆகவே, பொதுநிலையினராகிய உங்களிடம் ஒன்று வேண்டுகிறோம். திருமண நாளுக்கும் பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் இல்லங்களில் ஒருவேளை உணவு அளிக்கிறீர்கள். அதை நிறுத்த வேண்டாம். ஆனால் பரிமாறிவிட்டு உடனே திரும்பாதீர்கள். கேளுங்கள். இங்கிருப்பவர் தாம் உறங்கும் நேரத்தைத் தாமே முடிவு செய்கிறாரா? அவர் உடுத்தியிருப்பது அவருடைய உடையா, அன்று கைக்குக் கிடைத்த உடையா? தமக்கென ஒரு பெட்டியேனும் அவருக்கு உண்டா? அவர் தலையை மழித்தது யார் விருப்பம்? குளியலறைக்குக் கதவு உண்டா? பெண்களைக் குளிப்பாட்டுவது யார்? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்? அமைதியாக இருக்க மாத்திரை கொடுக்கிறார்களா. எந்த மருத்துவர், எப்போது பார்த்து எழுதினார்? பகல் முழுதும் அவர் செய்வது என்ன. வேலை செய்தால் கூலி உண்டா? ஞாயிறு அன்று பங்குக் கோவிலுக்கு வருகிறாரா, வளாகத்துச் சிற்றாலயத்தோடு சரியா? அவருக்கு வலித்தால் யாரிடம் சொல்வார்? பேச்சில்லாதவர் எப்படிச் சொல்வார். அதைப் புரிந்துகொள்ளப் பழகியவர் யார்?

அறிவித்துவிட்டுச் செல்லும் நாளில் மட்டும் செல்லாதீர்கள். அறிவிக்காமலும் செல்லுங்கள். வரவேற்கும் இல்லம் நல்ல இல்லம். வாயிலிலேயே தடுக்கும் இல்லத்திற்குக் காணிக்கை தராதீர்கள்.

குருக்களாகிய நாமும் ஒன்று செய்வோம். பரிந்துரைக் கடிதம் எழுதினால் அத்தோடு நம் கடமை தொடங்குகிறது என்று கொள்வோம். அனுப்பப்பட்டவரின் பெயர் பங்குப் பதிவேட்டில் தொடர்ந்து இருக்கட்டும். கிறிஸ்து பிறப்புக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அவரை அழைத்துவருவது பங்குப் பேரவையின் பொறுப்பாகட்டும். மறைமாவட்டம் அடுத்த கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுமுன், அத்தொகையில் பங்குகளுக்குள்ளேயே நான்கைந்து பேர் வாழும் சிறு வீடுகளை எத்தனை இடத்தில் அமைக்கலாம் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கட்டும். வீட்டிலேயே வைத்துப் பேணும் பெற்றோருக்குத் திங்களில் இரண்டு நாள் ஓய்வு கொடுக்க இளைஞர் இயக்கத்தையும் மரியாயின் சேனையையும் பயிற்றுவிக்கட்டும். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டாம். ஆனால் நிழற்படமும் கல்வெட்டும் கிடைக்கா. அதனால்தான் இவை நடைபெறவில்லை என்று நாம் அஞ்சுகிறோம்.

அந்த ஆண்டு நவம்பர் இரண்டாம் நாள், கல்லறைத் திருநாளன்று, இல்லத்தாரிடம் சொல்லி அந்த மகனை ஊருக்கு அழைத்துவந்தோம். கல்லறைத் தோட்டத்தில் அவருடைய அன்னையின் குழிமேட்டருகே நின்று, "அம்மா இங்கே இருக்கிறார்கள்" என்றோம். அவர் நெடுநேரம் அந்த மண்ணைப் பார்த்தார். பின் கையிலிருந்த மெழுகுதிரியை மண்ணில் நட்டார். அது சாய்ந்தபோது மீண்டும் நிமிர்த்தி நட்டார். அழவில்லை. திரும்பும் வழியில் கோவிலருகே வந்ததும் நம் கையை விட்டுவிட்டு மணிக்கயிறு இருக்குமிடத்திற்குத் தாமாகவே நடந்தார். மணி அடிக்கும் நேரம் அதுவன்று. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்த ஞாயிறு முதல் அவர் வாயிலில் நிற்கவில்லை என்று இல்லத்தார் கூறினர். அவருக்கு என்ன தெரியப்போகிறது என்றவர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம். அவருக்குத் தெரிந்திருந்தது. நாம்தாம் கேட்கவில்லை.